கப்பலில் விமானம் இறங்கியது 1911-இல், விமானந்தாங்கிக் கப்பல் முதலிடம் பெற்றது 1941-இல்: இடையில் முப்பது ஆண்டுகள் ஏன்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நீராவிக் காலத்துப் போர்க்கப்பல்களின் வரலாற்றைச் சில மாதங்களாகத் தொடர்ந்து படித்து வருகிறேன். படிக்கப் படிக்க ஓர் ஐயம் வலுத்துக்கொண்டே வருவதால், என்னைவிட ஆழ்ந்து படித்தவர்களின் முன் அதை வைக்கிறேன்.

கடற்படைத் தலைவர்கள் புதியதை ஏற்கத் தயங்குபவர்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1859-இல் பிரான்சு ‘குளுவார்’ என்ற கவசக் கப்பலை நீரில் இறக்கியது. அடுத்த ஆண்டே பிரிட்டன் இரும்பு உடல் கொண்ட ‘வாரியர்’ கப்பலை இறக்கிப் பதில் சொன்னது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 மார்ச் 8 அன்று ஹாம்ப்டன் ரோட்சில் ‘வர்ஜீனியா’ என்ற கவசக் கப்பல் ஒரே பிற்பகலில் இரண்டு மரக்கப்பல்களை அழித்த பிறகு, மரக்கப்பலுக்காக வாதாட எவரும் முன்வரவில்லை. 1897-இல் ஸ்பிட்ஹெட் கடற்படை அணிவகுப்பில் சார்லஸ் பார்சன்ஸ் நீராவிச் சுழலியால் (டர்பைன்) இயங்கும் தமது ‘டர்பினியா’ படகை, காவல் படகுகள் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் ஓட்டிக் காட்டினார். பத்து ஆண்டுகள் நிறைவதற்குள், அதே நீராவிச் சுழலியும் ஒரே அளவிலான பத்து 12 அங்குலப் பீரங்கிகளும் கொண்ட ‘ட்ரெட்நாட்’ பணியில் சேர்ந்துவிட்டது. அதற்கு முந்தைய கப்பல்கள் எல்லாம் அந்த ஒரு கப்பலின் பெயரை வைத்தே ‘முன்-ட்ரெட்நாட்’ என்று அழைக்கப்படும் நிலைக்குத் தாழ்ந்தன.

இவ்வளவு விரைவாக மாறிய கடற்படைகள் விமானத்தின் முன் மட்டும் ஏன் தயங்கி நின்றன? 1910 நவம்பர் 14 அன்று அமெரிக்க விமானி யூஜீன் ஈலி ‘பர்மிங்காம்’ கப்பலிலிருந்து விமானத்தில் கிளம்பினார்; 1911 ஜனவரி 18 அன்று சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ‘பென்சில்வேனியா’ கப்பலின் மேல் இறங்கியும் காட்டினார். ஏறுவது, இறங்குவது இரண்டும் அன்றே நிரூபிக்கப்பட்டுவிட்டன. ஆனால் பெரும் போர்க்கப்பலை விமானம் விஞ்சிவிட்டது என்பதை உலகம் ஒப்புக்கொண்டது 1941 டிசம்பரில்தான். தலைவர்களின் பிடிவாதம் ஒன்றையே காரணமாகச் சொல்வது எனக்கு நிறைவளிக்கவில்லை. தொழில்நுட்பக் காரணங்கள் இருந்திருக்க வேண்டும். அவை எவை என்று விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

நண்பரே, ‘இரண்டும் அன்றே நிரூபிக்கப்பட்டுவிட்டன’ என்று எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஈலியின் இறக்கத்தைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம்.

‘பென்சில்வேனியா’வின் பின்பகுதியில் சுமார் 40 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரமேடை கட்டினார்கள். அதன் குறுக்கே 22 கயிறுகளைக் கட்டி, ஒவ்வொரு கயிற்றின் இரு முனைகளிலும் 50 பவுண்டு மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டார்கள். விமானத்தின் அடியிலிருந்த கொக்கிகள் கயிறுகளை ஒவ்வொன்றாக வாரிக்கொண்டு போக, மணல் மூட்டைகளின் எடை கூடிக்கூடி விமானத்தை நிறுத்தியது. ஈலி கழுத்தைச் சுற்றி மிதிவண்டிச் சக்கரத்தின் உள்குழாய்களை மாட்டிக்கொண்டிருந்தார். கடலில் விழுந்தால் மிதப்பதற்கு அவருக்கு அதுதான் துணை. கப்பலோ நங்கூரமிட்டு நின்றது. நிற்கும் கப்பலில், நல்ல வானிலையில், ஒரே ஒரு விமானம் ஒரே ஒரு முறை இறங்கியது. அந்த மேடை அங்கே இருக்கும்வரை அதன் கீழே இருந்த பின்புறப் பீரங்கிகளைச் சுட முடியாது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். கடற்படை அதிகாரி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, ‘வியக்கத்தக்கது, ஆனால் இதை வைத்துக்கொண்டு போரில் என்ன செய்வது?’ என்று கேட்டிருந்தால் அவரைப் பிடிவாதக்காரர் என்று நான் சொல்லமாட்டேன்.

ஓடும் கப்பலில் இறங்குவதற்கு மேலும் ஆறரை ஆண்டுகள் ஆயின. 1917 ஆகஸ்ட் 2 அன்று ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோவில் பிரிட்டிஷ் விமானி எட்வின் டன்னிங் ‘சாப்வித் பப்’ விமானத்தை ‘ஃபியூரியஸ்’ கப்பலில் இறக்கினார். அந்தக் கப்பலுக்கு முன்பகுதியில் மட்டுமே தளம் இருந்தது. நடுவில் கட்டளை மேடையும் புகைபோக்கியும் நின்றன. பின்னால் ஒரு 18 அங்குலப் பீரங்கி. ஆகவே பின்னாலிருந்து நேராக வர வழியில்லை. டன்னிங் கப்பலின் பக்கவாட்டில் பறந்துவந்து, கட்டளை மேடையைக் கடந்ததும் உள்பக்கமாக நழுவித் தளத்தின் மேல் வந்தார். கப்பலின் வேகமும் எதிர்க்காற்றும் சேர்ந்து மணிக்கு 45 கடல் மைலுக்கு மேல் இருந்ததால், விமானம் தளத்தின் மேல் ஏறக்குறைய அசையாமல் நின்றது. கீழே காத்திருந்த அதிகாரிகள் ஓடிவந்து, அதில் கட்டியிருந்த வார்களைக் கையால் பிடித்து இழுத்து இறக்கினார்கள். ஐந்து நாள் கழித்து, ஆகஸ்ட் 7 அன்று, மீண்டும் முயன்றபோது, சரியாக வரவில்லை என்று உணர்ந்து மறுபடி மேலெழ முனைந்தார், பொறி கைகொடுக்கவில்லை, விமானம் கப்பலின் வலப்பக்கம் கவிழ்ந்து அவர் உயிரிழந்தார்.

இந்தக் கப்பலின் சிறு மாதிரியை 350-இல் ஒரு பங்கு அளவில் நான் செய்திருக்கிறேன். முன்தளத்தின் அகலம் நாலரை சென்டிமீட்டர் கூட வரவில்லை. விமானத்தின் இறக்கை முனைக்கு முனை இரண்டே கால் சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். ஒட்டி முடித்த விமானத்தை அந்தத் தளத்தின் மேல் பிடித்துப் பார்த்தபோதுதான் டன்னிங் என்ன செய்தார் என்பது எனக்கு உண்மையில் விளங்கியது. இரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர்தான் மிச்சம். அதற்கு அப்பால் கடல்.

அதன் பின்னர் ‘ஃபியூரியஸ்’ கப்பலின் பின்பகுதியிலும் ஒரு தளம் அமைத்தார்கள். ஆனால் நடுவில் நின்ற கட்டுமானத்தைச் சுற்றி வந்த காற்றும், புகைபோக்கியிலிருந்து எழுந்த வெப்பக் காற்றும் சுழன்றடித்ததால், அங்கே இறங்க முயன்ற விமானங்களில் பெரும்பாலானவை சேதமடைந்தன. 1918 ஜூலை 19 அன்று இதே கப்பலிலிருந்து ஏழு ‘கேமல்’ விமானங்கள் கிளம்பி, ஜெர்மனியின் டோன்டர்ன் தளத்திலிருந்த இரண்டு செப்பலின் வான்கப்பல்களை எரித்தன. தாக்குதல் பெரும் வெற்றி. ஆனால் ஒரு விமானம்கூடக் கப்பலின் தளத்துக்குத் திரும்பவில்லை. சிலர் கடலில் இறங்கினார்கள், வேறு சிலர் டென்மார்க்கில் இறங்கினார்கள். போகும் ஒவ்வொரு முறையும் விமானத்தை இழக்கும் ஆயுதத்தை வைத்துக்கொண்டு ஒரு நாள் போரிடலாம். மறுநாள் போரிட முடியாது. முழுத்தளம் கொண்ட ‘ஆர்கஸ்’ 1918 செப்டம்பரில் முடிக்கப்பட்டபோது, புகையைக் குழாய்கள் வழியாகப் பின்முனைக்குக் கொண்டுபோய் விட்டு, மேலே எந்தத் தடையும் இல்லாமல் கட்டினார்கள். போர் நவம்பரில் முடிந்துவிட்டது.

முப்பது ஆண்டு என்கிறீர்கள். உண்மையான கணக்கு 1918-இலிருந்துதான் தொடங்க வேண்டும். அதற்குப் பிறகும் இறங்கிய விமானத்தை என்ன செய்வது என்ற கேள்வி மிச்சமிருந்தது. இறங்கிய ஒவ்வொன்றையும் லிஃப்டில் கீழே அனுப்பிவிட்டுத்தான் அடுத்ததை இறக்குவது என்றால், ஒரு கப்பலால் பத்துப் பதினைந்து விமானங்களுக்கு மேல் கையாள முடியாது. நிலக்கரிக் கப்பலை மாற்றியமைத்து 1922-இல் பணியில் சேர்க்கப்பட்ட அமெரிக்காவின் ‘லாங்லி’யில் அதுதான் நிலைமை. 1925-இல் பொறுப்பேற்ற ஜோசப் ரீவ்ஸ் வேறொரு வழியைப் புகுத்தினார். இறங்கிய விமானத்தைத் தளத்தின் முன்பகுதிக்குத் தள்ளி நிறுத்துவது, நடுவே ஒரு தடுப்பு வேலியை எழுப்புவது, உடனே அடுத்ததை வரச் சொல்வது. விமானங்கள் நாற்பதுக்கு மேல் உயர்ந்தன. கப்பல் அதே கப்பல்தான். தளத்தில் வேலை செய்தவர்களின் ஒழுங்கு மாறியது. ட்ரெட்நாட்டின் பீரங்கியைப் போலப் படமெடுத்துக் காட்டக்கூடிய பொருள் அல்ல என்பதால் இது வரலாற்று நூல்களில் இரண்டு வரியில் கடந்துபோகிறது. எனக்கு அது பெரிய வருத்தம்.

மறுமொழி 2

முதல் மறுமொழியை முழுமையாக ஏற்கிறேன். பொறியின் ஆற்றலையும் சேர்த்தால்தான் விடை நிறைவடையும்.

கவசக் கப்பலை மூழ்கடிக்க நீர்மட்டத்துக்குக் கீழே ஓட்டை போட வேண்டும். அதற்கு நீருக்கடியில் பாய்ந்து வெடிக்கும் டார்பிடோ தேவை. டார்பிடோ கனமானது. டன்னிங் ஓட்டிய விமானத்தின் பொறி 80 குதிரைத்திறன் கொண்டது. அது ஓர் இயந்திரத் துப்பாக்கியைச் சுமப்பதே பெரிது. 1915 ஆகஸ்ட் 12 அன்று டார்டனல்ஸ் பகுதியில் ‘ஷார்ட் 184’ மிதவை விமானம் துருக்கியக் கப்பல் ஒன்றின் மேல் டார்பிடோவை ஏவியது உண்மைதான். ஆனால் அந்தச் சுமையோடு நீரிலிருந்து எழும்புவதற்கே அது திணறியது. 1940-இல் பறந்த ‘ஸ்வோர்ட்ஃபிஷ்’ துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானமாக இருந்தபோதிலும், சுமார் 690 குதிரைத்திறன் கொண்ட பொறியால் 700 கிலோவுக்கு மேற்பட்ட டார்பிடோவைத் தூக்கிக்கொண்டு குறுகிய தளத்திலிருந்து எழும்பியது. இந்த வளர்ச்சியை எந்தத் தலைவரின் ஆணையாலும் விரைவுபடுத்தியிருக்க முடியாது.

1921 ஜூலையில் அமெரிக்காவில் ராணுவ விமானப் பிரிவு அதிகாரி பில்லி மிட்செலின் விமானங்கள் ஜெர்மனியிடமிருந்து பெற்ற ‘ஓஸ்ட்ஃபிரீஸ்லாண்ட்’ கப்பலைக் குண்டு வீசி மூழ்கடித்ததைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அந்தக் கப்பல் நங்கூரமிட்டு நின்றது, அதில் ஆளில்லை, திருப்பிச் சுடுவதற்குப் பீரங்கி இயங்கவில்லை, உள்ளே புகும் நீரை இறைக்கவும் எவரும் இல்லை. ஆகவே இரு தரப்பாரும் தத்தம் கருத்துக்கு அதையே சான்றாகக் காட்டினார்கள். அன்றைய நிலையில் எது சரியென்று தீர்ப்பளிக்க அந்தச் சோதனை போதவே போதாது.

விமானந்தாங்கிக் கப்பல் வளர்ந்ததற்கு 1922-ஆம் ஆண்டின் வாஷிங்டன் கடற்படை உடன்படிக்கை ஒரு காரணம் என்பதையும் மறக்கக்கூடாது. பெரும் போர்க்கப்பல்களின் எண்ணிக்கைக்கும் எடைக்கும் அது வரம்பு விதித்தது. பாதி கட்டப்பட்ட நிலையில் கைவிடப்பட வேண்டிய உடல்களில் சிலவற்றை விமானந்தாங்கிகளாக மாற்றிக்கொள்ள அனுமதித்தது. அப்படித்தான் அமெரிக்காவின் ‘லெக்சிங்டன்’, ‘சரட்டோகா’ இரண்டும், ஜப்பானின் ‘அகாகி’, ‘காகா’ இரண்டும் பிறந்தன. அந்த உடன்படிக்கை இல்லாதிருந்தால், 33 கடல் மைல் வேகத்தில் ஓடக்கூடிய, 270 மீட்டர் நீளமுள்ள ஒரு கப்பலை விமானங்களுக்காக மட்டுமே கட்டுவதற்கு 1920-களில் எந்த நாடாளுமன்றமும் பணம் ஒதுக்கியிருக்காது என்றே நினைக்கிறேன். 1929 ஜனவரிப் போர்ப் பயிற்சியில் ‘சரட்டோகா’ தனியே பிரிந்து சென்று, பனாமாக் கால்வாயின் மேல் திடீரென விமானங்களை அனுப்பிக் காட்டியது. அதன் பின்னர் அமெரிக்கக் கடற்படைக்குள் கருத்து மெல்ல மெல்ல மாறத் தொடங்கியது.

எஞ்சியவை நீங்கள் படித்தவையே. 1940 நவம்பர் 11 இரவு பிரிட்டனின் ‘இல்லஸ்ட்ரியஸ்’ கப்பலிலிருந்து 21 ‘ஸ்வோர்ட்ஃபிஷ்’ விமானங்கள் இத்தாலியின் டாரன்டோ துறைமுகத்தைத் தாக்கி மூன்று பெரும் போர்க்கப்பல்களைச் செயலிழக்கச் செய்தன; இழப்பு இரண்டே விமானங்கள். 1941 மே 26 அன்று ‘ஆர்க் ராயல்’ விமானம் ஒன்றின் டார்பிடோ ‘பிஸ்மார்க்’ கப்பலின் சுக்கானை முடக்கியது; மறுநாள் காலை பிரிட்டிஷ் கப்பல்கள் அதைச் சூழ்ந்துகொண்டன. டிசம்பர் 7 அன்று பேர்ல் துறைமுகம். டிசம்பர் 10 அன்று மலாயாவின் குவாந்தான் கடற்பகுதியில் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ இரண்டும் மூழ்கின. பேர்ல் துறைமுகத்திலும் டாரன்டோவிலும் கப்பல்கள் நின்றுகொண்டிருந்தன என்று சொல்லித் தப்பிக்கலாம். குவாந்தானில் அவை முழு வேகத்தில் ஓடிக்கொண்டும் சுட்டுக்கொண்டும் இருந்தன. அதற்குப் பிறகு வாதம் மிஞ்சவில்லை. ஆனால் அந்த விமானங்கள் கப்பலிலிருந்து வந்தவை அல்ல, இந்தோசீனத்தின் தரைத்தளங்களிலிருந்து வந்த ஜப்பானியக் கடற்படை விமானங்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இறங்குவது இவ்வளவு பெரிய சிக்கல் என்பதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. ஒரு துணைக்கேள்வி: 1941-க்குப் பிறகு விமானந்தாங்கி வெல்லமுடியாததாகிவிட்டதா? இறங்கும் சிக்கல் அத்துடன் தீர்ந்துவிட்டதா?

மறுமொழி 3

இரண்டுக்கும் விடை ‘இல்லை’ என்பதே.

விமானம் வானில் இல்லாதபோது விமானந்தாங்கி எவ்வளவு எளிய இலக்கு என்பதற்கு பிரிட்டனின் ‘குளோரியஸ்’ கப்பலின் முடிவு துயரமான சான்று. 1940 ஜூன் 8 அன்று நார்வேயிலிருந்து திரும்பும் வழியில், கண்காணிப்புக்கு ஒரு விமானம்கூட மேலே இல்லாத நிலையில், ‘ஷார்ன்ஹார்ஸ்ட்’, ‘க்னைசனவ்’ என்ற இரண்டு ஜெர்மன் பெரும் போர்க்கப்பல்களின் பீரங்கிக்கு அது இரையானது. உடன்வந்த இரண்டு நாசகாரிக் கப்பல்களும் மூழ்கின. மாண்டவர்கள் 1,500-க்கு மேல். முதல் மறுமொழியில் ஈலியின் மணல் மூட்டைகளைப் படித்தபோது எனக்கு இந்தக் கப்பல்தான் நினைவுக்கு வந்தது. மூழ்குவதற்குச் சற்று முன்புதான், நார்வேயில் கைவிட மனமில்லாமல் பத்து ‘ஹரிகேன்’ தரை விமானங்களை விமானிகள் அதில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். அவற்றுக்குக் கொக்கி கிடையாது. வால்பகுதியில் சுமார் ஏழு கிலோ மணல் மூட்டை ஒன்றை வைத்தால், மூக்குக் குப்புற விழாமல் பிரேக்கை முழுவதும் அழுத்தலாம் என்று கண்டறிந்து, பத்தையும் பழுதில்லாமல் இறக்கினார்கள். அந்த விமானிகளில் பெரும்பாலோர் கப்பலோடு போனார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டனின் ‘ஹெர்மிஸ்’ மூழ்கியதும் இதே வகை. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு அடித்தளம் இடப்பட்ட முதல் கப்பல் அது. ஆனால் அன்று அதில் விமானம் ஒன்றுமே இல்லை. ஜப்பானிய விமானந்தாங்கிகளிலிருந்து வந்த குண்டுவீச்சு விமானங்கள் சில நிமிடங்களில் அதை முடித்துவிட்டன. 300-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இறங்கும் சிக்கல் ஒரு பெரும்போரின் போக்கையே மாற்றியது 1942 ஜூன் 4 அன்று பசிபிக் கடலின் மிட்வேயில். மிட்வே தீவைத் தாக்கப் போன தம் விமானங்கள் எரிபொருள் தீரும் நிலையில் திரும்பி வந்துகொண்டிருந்த வேளையில்தான், அருகில் அமெரிக்க விமானந்தாங்கி இருக்கிறது என்ற செய்தி ஜப்பானியத் தளபதி நகுமோவுக்குக் கிடைத்தது. கையிலிருப்பவற்றை உடனே தாக்குதலுக்கு அனுப்புவதா, வருபவற்றை முதலில் இறக்குவதா? தளம் ஒன்றுதான்; இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. இதற்கிடையில் அமெரிக்க டார்பிடோ விமானங்கள் அலை அலையாக வந்ததால், காவல் விமானங்களையும் அடிக்கடி இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது. அவர் இறக்குவதைத் தேர்ந்தெடுத்தார். கீழ்த்தளங்களில் எரிபொருள் நிரப்பிய விமானங்களும் குண்டுகளும் நெருக்கியடித்துக் கிடந்தபோது, காலை 10:20 மணிக்குப் பிறகு அமெரிக்கச் செங்குத்துக் குண்டுவீச்சு விமானங்கள் பாய்ந்தன; சில நிமிடங்களில் ‘அகாகி’, ‘காகா’, ‘சோர்யூ’ மூன்றும் தீப்பற்றின; நான்காவதான ‘ஹிர்யூ’ அன்று மாலை தாக்கப்பட்டது. நகுமோவின் முடிவைத் தவறு என்று எழுதுபவர்கள் பலர். நூற்றுக்கு மேற்பட்ட விமானிகளைக் கடலில் விழவிடும் ஆணையை அந்த நிமிடத்தில் தந்திருக்க வேண்டும் என்று கரையிலிருந்துகொண்டு சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுமொழி 1 எழுதியவர்

இறங்கும் சிக்கல் எப்போது தீர்ந்தது என்பதை மட்டும் சேர்க்கிறேன். 1945 டிசம்பர் 3 அன்று பிரிட்டிஷ் விமானி எரிக் பிரவுன் ‘ஓஷன்’ கப்பலில் ஜெட் விமானத்தை இறக்கியதும் சிக்கல் மேலும் கடுமையானது. ஜெட் வேகமாக வரும்; அதன் பொறி மெதுவாகத்தான் விசை கூட்டும்; விமானத்தின் கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டிய கம்பிவடத்தைத் தவறவிட்டால் எதிரே தடுப்பு வேலி, அதற்கு அப்பால் நிறுத்தியிருக்கும் விமானங்கள். ரீவ்ஸ் உருவாக்கிய ஒழுங்கே இப்போது ஆபத்தாகியது.

1951-இல் பிரிட்டிஷ் அதிகாரி டென்னிஸ் கேம்பெல் ஓர் எளிய தீர்வைச் சொன்னார்: இறங்கும் பாதையைக் கப்பலின் நடுக்கோட்டிலிருந்து சில பாகை இடப்பக்கம் சாய்த்துவிடுவது. கொக்கி தவறினாலும் எதிரே வெறும் கடல்தான் இருக்கும். விமானி விசையைக் கூட்டி மறுபடி எழும்பிச் சுற்றி வரலாம். 1917-இல் டன்னிங் செய்ய முயன்று முடியாமல் போனது அதுவே. ‘டிரையம்ஃப்’ கப்பலின் நேர்த்தளத்தில் சாய்கோடு வரைந்து முதலில் சோதித்தார்கள். பின்னர் அமெரிக்காவின் ‘ஆன்டீட்டம்’ கப்பலில் சாய்தளத்தையே கட்டினார்கள். முன்பகுதியில் விமானங்களைக் கிளப்பிக்கொண்டே சாய்பாதையில் இறக்கவும் இதனால் வழி பிறந்தது. மிட்வேயில் நகுமோவுக்கு இல்லாதது அந்த இரண்டாவது பாதை.

அதே காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி நிக்கலஸ் குட்ஹார்ட், தளத்தில் கைத்தட்டிகளை அசைத்து வழிகாட்டும் அதிகாரிக்குப் பதிலாக ஒரு கண்ணாடியையும் விளக்குகளையும் வைக்கலாம் என்றார். மேசைமேல் ஒரு சிறு கண்ணாடியை நிறுத்தி, அதில் உதட்டுச் சாயத்தால் ஒரு கோடு இழுத்து, கைவிளக்கின் பிம்பத்தை அந்தக் கோட்டிலேயே வைத்துக்கொண்டு நெருங்கி வரும்படி அலுவலகச் செயலாளரிடம் சொன்னாராம். அவர் அப்படியே நடந்து வர, அவருடைய முகவாய் நேராக மேசையின் மேல் வந்து அமர்ந்தது என்று சொல்வார்கள்.